பந்தி விசாரிப்பதும் ஊழியம்தான்

எங்கள் ஊர்ப் பக்கம் இப்படிப் பேசிக்கொள்வார்கள்: "மூத்தவன் சென்னையில வேலை பார்க்கான். இளையவன் ஊழியத்துக்குப் போயிட்டான்." கேட்பவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. இளையவன் இறையியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான், சில வருஷத்தில் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பிரசங்க பீடத்தில் நிற்பான். மூத்தவன் கணக்கில் வரமாட்டான். லீவில் வரும்போதெல்லாம் ஆலயத்து மைக் செட்டைப் பிரித்துச் சரிசெய்கிறான், படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போகிறான். ஆனாலும் அது 'ஒத்தாசை'தான். ஊழியம் என்ற சொல் அவனுக்குக் கிடைக்காது.

சபைகளில் 'ஊழியத்தைப் பகிர்ந்துகொள்வோம்' என்று அடிக்கடி சொல்கிறார்கள். சபைக்குப் புதிதாக வந்தவருக்கு அது என்ன என்று புரியாமல் போகலாம். பல வருஷமாக வந்து கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பவருக்கும் புரியாமல் போகலாம். அவர்களுக்காகத்தான் இது. நான் நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராம சபை ஒன்றில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த உதாரணங்கள் பெரும்பாலும் அந்த மண்ணிலிருந்துதான் வரும்.

முதலில் அந்தச் சொல். ஊழியம் என்பது ஒரு காலத்தில் கௌரவமான சொல்லே அல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஊழியம் என்றால் கூலி இல்லாமல் வாங்கப்பட்ட கட்டாய வேலை. ஒடுக்கப்பட்ட சாதியினர் தலையில்தான் அது விழுந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் கிறிஸ்தவர்களானவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக வேண்டும், அன்றைக்காவது ஊழியத்துக்கு இழுக்காதீர்கள் என்று கேட்டார்கள். 1815இல், பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில், அந்த விலக்கு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஊழியம் செய்யமாட்டோம் என்று நின்றவர்களின் வம்சத்தில் வந்தவர்கள் இன்று ஞாயிறுதோறும் 'ஊழியம் செய்தேன்' என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லுக்கு வந்த யோகம்!

வேதாகமத்தின் புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. ஊழியம் என்று தமிழில் நாம் படிக்கும் பல இடங்களில் அங்கே இருக்கும் சொல் 'தியாக்கோனியா'. பந்தியில் சாப்பாடு எடுத்து வைப்பது, வேலைக்காரனாக நின்று கவனிப்பது என்ற பொருளில் புழங்கிய சொல் அது. அப்படிப் பார்த்தால் நம் முன்னோர் பொருத்தமான சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்கள். பிற்பாடு நாம்தான் அதற்கு அங்கி மாட்டிவிட்டோம்.

இனி, முதல் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்துக்கு வருவோம். ஊழியப் பகிர்வு என்று யார் பேசினாலும் இந்தப் பகுதியைத் தொடாமல் போகமாட்டார்கள். எருசலேமில் சபை வளர்கிறது. எல்லாரும் பொதுவாக வைத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே எபிரெயர் என்று ஒரு கூட்டம், உள்ளூர்ப் பாஷைக்காரர்கள். இன்னொரு கூட்டம் கிரேக்கம் பேசும் யூதர்கள், வெளியூர்களில் வாழ்ந்து வந்தவர்கள். தங்கள் விதவைகளுக்கு 'அன்றாட விசாரணையில்' சரியாகக் கிடைக்கவில்லை என்று இந்த இரண்டாம் கூட்டத்தார் முறுமுறுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவருக்குக்கூட இந்தக் காட்சிக்கு வியாக்கியானம் தேவைப்படாது. இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன் வரிசைக்கு இரண்டாவது தடவை அப்பளம் வருகிறது, கடைசி வரிசைக்குச் சோறே இன்னும் வரவில்லை. பெரிய இடத்து ஆளுக்கு இலை நிறைய, ஏழைச் சொந்தக்காரருக்கு அரைக் கரண்டி. இதற்கு நம்மிடம் ஒரு பெயரே இருக்கிறது: பந்தி வஞ்சனை. எருசலேமில் நடந்ததும் அதுதான். தெரிந்து செய்தார்களா, கூட்டம் பெருத்ததில் தவறிப் போனதா என்று வசனம் சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு கிடைக்காதவர்கள் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள்.

சபையை வழிநடத்திய இயேசுவின் சீஷர்கள், அதாவது அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரும் சபையைக் கூட்டி, நாங்கள் வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரணை செய்வது தகுதியல்ல, உங்களில் ஏழுபேரைத் தெரிந்துகொள்ளுங்கள், நாங்கள் ஜெபத்திலும் வசன ஊழியத்திலும் தரித்திருப்போம் என்கிறார்கள். இதை வைத்துத்தான் பலர், 'பார்த்தாயா, பிரசங்கம் பெரிய ஊழியம், சாப்பாடு சின்ன வேலை, அதனால்தான் அதை வேறு ஆளிடம் தள்ளிவிட்டார்கள்' என்று பேசுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம், தமிழ் வேதாகமத்தில் கண்ணுக்குப் படாத ஒன்று மூலத்தில் இருக்கிறது. முதல் வசனத்தின் 'விசாரணை', இரண்டாம் வசனத்தின் 'பந்திவிசாரணை', நான்காம் வசனத்தின் 'ஊழியம்' எல்லாம் கிரேக்கத்தில் ஒரே வேரிலிருந்து வரும் சொற்கள். எல்லாம் தியாக்கோனியாதான். ஒன்று சோற்றின் ஊழியம், மற்றது சொல்லின் ஊழியம். நம் மொழிபெயர்ப்பில் ஒன்று விசாரணை ஆகிவிட்டது, மற்றது ஊழியம் ஆகிவிட்டது. நாமும் அதையே பிடித்துக்கொண்டு இரண்டு தட்டு வைத்துவிட்டோம்.

மொழிபெயர்ப்பைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 'பந்தி விசாரணை' எத்தனை அழகான சொல்! நம் ஊர்க் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறவர் யார்? பரிமாறுகிற பையன் அல்ல. தோளில் துண்டோடு வரிசை வரிசையாக நடந்து, "சாம்பார் வந்துச்சா? பாயசம் வரலியா? ஏய், இங்க ஒரு இலைக்கு வை" என்று கண்ணாலேயே எல்லா இலையையும் எண்ணுகிறவர். வீட்டில் பொறுப்பான ஆளிடம்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள். யாருக்குக் கிடைக்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும், கிடைக்கச் செய்யும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும்.

அந்த ஏழுபேரின் பெயர்களையும் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாமே கிரேக்கப் பெயர்கள். பாலஸ்தீனத்து யூதர்களும் கிரேக்கப் பெயர் வைத்துக்கொண்டது உண்டு, அதனால் பெயரை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் முறுமுறுத்த பக்கத்து ஆட்களிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. தெரிந்தெடுத்தது சபை, கைவைத்து ஏற்படுத்தியது அப்போஸ்தலர். 'நீ சும்மா கூடமாட இரு, முடிவு நாங்கள் எடுக்கிறோம்' என்று சொல்லவில்லை. அப்புறம் நடந்தது இன்னும் வேடிக்கை. சாப்பாட்டுக்கு நியமிக்கப்பட்ட ஸ்தேவான்தான் அடுத்த அதிகாரத்தில் நீண்ட பிரசங்கம் செய்து உயிரை விடுகிறார். பிலிப்பு சமாரியாவுக்குப் போய்ச் சுவிசேஷகர் ஆகிறார். நீ பந்தி, நீ பிரசங்கம் என்று போட்ட கோடு ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை.

ஊழியப் பகிர்வுக்கு எல்லாரும் காட்டும் இன்னொரு கதை யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரம். காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைத் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, இப்படியே போனால் நீயும் தொய்ந்துபோவாய், ஜனமும் தொய்ந்துபோகும் என்று சொல்லி, ஆயிரம்பேருக்கு, நூறுபேருக்கு, ஐம்பதுபேருக்கு, பத்துப்பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் இது பாரம் குறைக்கும் கதை. ஐயருக்கு (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) வேலை அதிகம், பாவம், கொஞ்சம் கைகொடுங்கள் என்று பேச இது உதவும். வேலையே ஐயருடையதா என்ற கேள்வியை இது எழுப்பாது.

அந்தக் கேள்வியை எழுப்புவது பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபம், நான்காம் அதிகாரம். அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர் என்று சிலர் ஏன் ஏற்படுத்தப்பட்டார்கள் என்பதற்கு நம் பழைய மொழிபெயர்ப்பு மூன்று காரணங்களை அடுக்குவதுபோல் இருக்கும்: பரிசுத்தவான்கள் சீர்பொருந்த, ஊழியத்தின் வேலைக்காக, சபை பக்திவிருத்தி அடைய. வாசித்தால் மூன்றுமே போதகர் செய்ய வேண்டிய வேலை என்று தோன்றும். ஆனால் பழைய கிரேக்கப் பிரதிகளில் இப்படிக் காற்புள்ளி போட்டுப் பிரிக்கும் வழக்கம் கிடையாது. பிரிப்பதெல்லாம் பிற்காலத்து ஆட்கள். புதிய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அந்த இடத்தில் நிறுத்தாமல் சேர்த்தே வாசிக்கின்றன: ஊழியத்தின் வேலையைச் செய்யும்படி பரிசுத்தவான்களைத் தயார்செய்வதற்காக. பரிசுத்தவான்கள் என்றால் படத்தில் தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு இருப்பவர்கள் அல்ல, சபையில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் நானும். ஊழியம் செய்ய வேண்டியவர்கள் நாம், நம்மைத் தயார்செய்ய வேண்டியவர் போதகர். ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டால் சபையே தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. பழைய வாசிப்புதான் சரி என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

'சீர்பொருந்த' என்ற இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லின் உறவுச் சொல் ஒன்று மாற்கு சுவிசேஷத்திலும் வருகிறது. யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்களே, அந்த இடத்தில். மணப்பாடு, உவரி பக்கம் கடற்கரையில் நடந்தால் இந்தக் காட்சியை இன்றும் பார்க்கலாம். வலையை விரித்து, அறுந்த கண்களைத் தேடி ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருப்பார்கள். பழுதுபார்க்கிறவர் மீனைப் பிடிப்பதில்லை, மீன் பிடிப்பது வலை. போதகரின் வேலைக்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை.

இது வெறும் வேதபாடமாக நின்றுவிடவில்லை. தமிழ் மண்ணில் கிறிஸ்தவ சபை வேரூன்றியதே இந்த வழியில்தான். கத்தோலிக்க மிஷனெரி பிரான்சிஸ் சவேரியார் 1542இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தபோது கடற்கரை முழுக்கப் பரதவர் ஊர்கள், அவரோ ஒற்றை ஆள், தமிழும் சரியாக வராது. ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, ஊர் ஊராக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் பண்ண வைத்தார். நோயாளிகள் வீட்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். எல்லா வீட்டுக்கும் போக முடியாமல், ஜெபம் தெரிந்த பிள்ளைகளையே அனுப்பினார் என்று அவருடைய கடிதத்திலிருந்து தெரிகிறது. சின்னப் பிள்ளைகள்! ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து ஜெபக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். குருப்பட்டம் இல்லாமலே ஊரில் போதித்து ஆராதனை நடத்திய, பின்னால் வந்த உபதேசியார்களுக்கு இவர்கள்தான் முன்னோடிகள்.

புராட்டஸ்டண்ட் பக்கம் எனக்கு மிகவும் பிடித்த கதை பாளையங்கோட்டையில் இருக்கிறது. குளோரிந்தா ஒரு மராத்திய பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு அங்கே வாழ்ந்தார். 1778இல் ஜெர்மன் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஸ்வார்ட்ஸ் இருந்தது தஞ்சாவூரில். பாளையங்கோட்டைக்கு எப்போதாவதுதான் வர முடியும். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள், முதல் பெயர் குளோரிந்தா. அவர் முன்னின்று கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றார்கள், இன்றும் அங்கே நிற்கிறது. அந்தச் சபைக்கு உபதேசியாராக அனுப்பப்பட்ட சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது 1790இல். அதுவரை அங்கே நிரந்தரமாகக் குருவானவர் இல்லை. நெல்லைத் திருச்சபையின் தொடக்கத்தில் ஐயர் இல்லை, ஒரு விதவை இருந்தார். விசாரணை கிடைக்காத விதவைகளால் எருசலேமில் ஒரு பிரச்சினை வந்தது. இங்கே விதவையே பந்தி விசாரித்திருக்கிறார்.

ஆனால் வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலையைப் பகிர்வது சீக்கிரம் நடந்தது, அதிகாரத்தைப் பகிரத்தான் நாளானது. முதல் புராட்டஸ்டண்ட் மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். முதல் தமிழ் குருவானவராக ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733இல். இடையில் இருபத்தேழு வருஷம். அந்தக் காலம் முழுவதும் ஊருக்குள் நடந்து திரிந்து உபதேசம் பண்ணியவர்கள் தமிழ் உபதேசியார்கள், ஆனால் திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் கொடுக்கும் கை வெள்ளைக்காரருடையதாக இருந்தது. ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பிஷப் ஆக 1912 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா. அவரும் நண்பர்களும் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் நெல்லைக் கிறிஸ்தவர்களே காணிக்கை போட்டு, தாங்களே நிர்வகித்து, தங்களில் ஒருவரை ஆந்திரப் பக்கம் அனுப்பிய முயற்சி. தெலுங்கு பேசும் பகுதியிலுள்ள தோர்ணக்கல்லில் அசரியா பிஷப்பாக இருந்தபோது, ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் தலையில் தானே கைவைத்து 'சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ' என்ற பவுலின் வார்த்தையைச் சொல்ல வைப்பார் என்பார்கள். குருப்பட்டத்துக்கு பிஷப் கைவைப்பார். இங்கே ஈரத்தலையோடு நிற்கும் கூலிக்காரர் தனக்குத்தானே கைவைத்துக்கொள்கிறார்.

பெண்கள் விஷயத்தில் தாமதம் இன்னும் அதிகம். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947இல், முதல் பெண் குருவானவர் வந்தது 1976இல், முதல் பெண் பிஷப் 2013இல். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாளைக் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று அழைத்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. இதற்கிடையில் நம் ஊர்ப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அதுதான் பிடியரிசிக் காணிக்கை. எத்தனையோ மிஷனெரிகளின் படி அந்தப் பானைகளிலிருந்து வந்தது. கமிட்டியில் மட்டும் அவர்களுக்கு நாற்காலி லேசில் கிடைக்கவில்லை.

சரி, இன்றைக்கு ஒரு சபையில் இது எப்படி நடக்கிறது? எங்கள் பக்கத்து அமைப்பைச் சொல்கிறேன். பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். சேகரத்துக்கு ஒரு ஐயர். ஏழெட்டு ஊர் அவர் கையில் இருந்தால் எல்லா ஞாயிறும் எல்லா ஊரிலும் அவர் நிற்க முடியாது. திருவிருந்து ஆராதனைக்கு முறைவைத்து வருவார். மற்ற நாட்களில் சபை ஊழியர், அதாவது பழைய பேச்சில் உபதேசியார், ஆராதனை நடத்துவார். அவரும் இல்லாத நாளில் சபையில் ஒரு ஆசிரியரோ ஓய்வுபெற்ற தபால்காரரோ ஜெபப் புத்தகத்தைத் திறந்து நடத்திவிடுவார். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் சங்கம், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ், காணிக்கை எண்ணுகிற இரண்டு பேர், விடியற்காலையில் மணியடிக்கிற கோயில்பிள்ளை. இத்தனையையும் ஐயர் செய்கிறாரா என்ன?

இந்தப் பட்டியலைவிட ஒரு துக்க வீட்டில்தான் பகிர்வு நன்றாகத் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் இறந்துபோகிறார். ஐயருக்குப் போன் பண்ண ஒருவர், பெட்டிக்குச் சொல்ல ஒருவர், கல்லறைத் தோட்டத்தில் இடம் பார்க்க இரண்டு பேர். பந்தல்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப ஒரு வாலிபன். பக்கத்து வீட்டில் கடுங்காப்பி கொதிக்கிறது. நாலு பெண்கள் பாட்டுப் புத்தகத்தோடு உடல் பக்கத்தில் உட்கார்ந்து விடியும்வரை பாடுகிறார்கள். யாரும் யாரையும் நியமிக்கவில்லை. ஐயர் காலையில் வந்து அடக்க ஆராதனை நடத்தும்போது அந்தக் குடும்பம் ஏற்கெனவே பாதி தேற்றப்பட்டிருக்கிறது. விசேஷ வீட்டில் மட்டும் ஏன் நமக்கு அழைப்பிதழும் பதவியும் தேவைப்படுகிறது என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் எல்லாரும் செய்யலாம் என்பதும் இல்லை. சி.எஸ்.ஐ. சபையில் திருவிருந்தைப் பிரதிஷ்டை செய்வது குருவானவர் மட்டுமே, ஞானஸ்நானம் பெற்றவரைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலைக் கொடுப்பது வழக்கமாக பிஷப். திருமணத்துக்குச் சட்டமும் குறுக்கே வரும். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதிகாரம் பெற்றவர்தான் நடத்த முடியும். சகோதர சபைகளில் குருப்பட்டம் என்பதே கிடையாது, அப்பம் பிட்கும் ஆராதனையைச் சகோதரர்களே நடத்துவார்கள். கத்தோலிக்கரிடம் குருவின் இடம் இன்னும் உறுதியானது. ஆனால் 1960களில் அவர்களுடைய ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, குருப்பட்டம் பெறாத பொதுநிலையினருக்கு நிறையக் கதவுகள் திறந்தன. தமிழ்நாட்டில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடும் அன்பியங்கள் அதற்கு நல்ல உதாரணம். எந்தச் சபையாக இருந்தாலும், யார் எதைச் செய்யலாம் என்ற ஒழுங்கு ஒன்று இருக்கும். புதியவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எங்கே இது கெட்டுப்போகிறது? என் சொந்தக் கதையையே சொல்கிறேன். பதினோரு வருஷம் ஞாயிறு பள்ளியை நான் நடத்தினேன். பாடம், பாட்டு, பரிசுப் புத்தகம், வருடாந்திர நாடகம், எல்லாம் நான். அலமாரிச் சாவி என் பைக்குள்ளேயே இருக்கும். உதவிக்கு இரண்டு கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த வேலை பாய் விரிப்பதும் மிட்டாய் கொடுப்பதும். பகிர்ந்து செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வேலை மாற்றலில் வெளியூர் போனேன். மூன்றே மாதத்தில் ஞாயிறு பள்ளி நின்றுபோனது. ஊருக்கு வந்தபோது அந்தப் பெண்களில் ஒருத்தியிடம், "ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் நடத்தியிருக்கலாமே" என்று கேட்டேன். "மாமா, பாடப் புத்தகம் எங்க இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது" என்றாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பாயை விரிக்கச் சொல்வதும் பாடத்தை ஒப்படைப்பதும் ஒன்றல்ல என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதில் ஒரு சங்கிலி உண்டு: என்னிடம் நீ கேட்டவைகளை, மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள ஆட்களிடம் ஒப்புவி. பவுல், தீமோத்தேயு, அந்த ஆட்கள், அவர்கள் போதிக்கப்போகும் மற்றவர்கள், நாலு தலைமுறை ஒரே வாக்கியத்தில். நான் என்னோடு நிறுத்திவிட்டேன். ஒப்புவிக்கும்போது அந்த ஆள் நம்மைப்போல் செய்யமாட்டார், சில சமயம் சொதப்புவார், சில சமயம் நம்மைவிட நன்றாகச் செய்துவிடுவார். தாங்கக் கஷ்டமானது இந்தக் கடைசிதான்.

மறுகோடியில் இன்னொரு கேடு. சில இடங்களில் ஊழியத்தில் பங்கு என்றால் கமிட்டியில் இடம் என்று ஆகிவிட்டது. சபைத் தேர்தல் வந்தால் ஊர்த் தேர்தல் தோற்றுப்போகும். அணி, வாக்குச் சேகரிப்பு, சாதிக் கணக்கு, சமயத்தில் கோர்ட் வரை. கமிட்டி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பணத்துக்குக் கணக்கும் சொத்துக்குக் காவலும் வேண்டும். ஆனால் ஜெயித்த பிறகு துக்க வீட்டுக்கு வராத கமிட்டி மெம்பரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இன்னொன்று, சாதி. சபையார் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அசன விழாவில் யார் சமைக்கலாம், யார் விறகு மட்டும் சுமக்கலாம் என்று வாய்திறந்து சொல்லாத விதி ஒன்று ஓடும் சபையில் எத்தனை குழு அமைத்தாலும் அது பழைய திருவிதாங்கூர் ஊழியம்தான்.

புதிதாக வந்தவர் எங்கே தொடங்குவது? உங்களுக்கு என்ன வரம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கேள்வித்தாள் கொடுக்கும் சபைகள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு மாதம் ஆராதனை முடிந்ததும் உடனே கிளம்பாமல் வாசலில் நில்லுங்கள். யார் தனியாக நடந்து போகிறார்கள், யார் இரண்டு வாரமாக வரவில்லை, எந்தப் பாட்டி படியிறங்கக் கை தேடுகிறாள் என்று பாருங்கள். அதாவது பந்தி விசாரியுங்கள். கண்ணில் பட்டதை ஐயரிடமோ சபை ஊழியரிடமோ சொல்லி, நான் செய்யட்டுமா என்று கேளுங்கள். சிறு பிள்ளைகளோடு வேலை என்றால் இன்னொரு பெரியவரும் கூட இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், காணிக்கையைத் தனியாக எண்ணாதீர்கள். ஒருவர் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னால் அதை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இத்தனை நாள் செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. ஓய்வே இல்லாமல் அதே ஐந்து பேர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும் சபைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் இப்போது ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். ஞாயிறு பள்ளி மறுபடி நடக்கிறது. நடத்துவது நான் இல்லை, அன்றைக்குப் பாய் விரித்த அதே பெண்தான். அலமாரிக்குப் பூட்டே போடுவதில்லை. போன அசனத்தில் பழக்க தோஷத்தில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சமையல் பக்கம் போனேன். "மாமா, நீங்க உட்காருங்க" என்று வாலிபர் சங்கத்துப் பையன்கள் விரட்டிவிட்டார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தது. கடைசி வரிசையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், நான் யார் என்றுகூடச் சரியாகத் தெரியாதவன், என் இலைக்கு முன்னால் குனிந்து கேட்டான்:

"உங்களுக்குக் குழம்பு வந்துச்சா?"